ஓடாத மான்

படிவத்தில் பதினேழு கேள்விகள்.
மதில் எத்தனை அடி. வீட்டில் பூனை உண்டா.
பக்கத்து வளவில் கோழி.
நீங்கள் வெளியூர் போனால் சோறு வைப்பது யார்.
கச்சேரியில் பதினாறு வருடமாய்ப்
பிறர் படிவங்களைத் திருப்பி அனுப்புகிறவள் நான்:
‘இதை நிரப்பிக்கொண்டு நாளைக்கு வாங்கோ.’
பன்னிரண்டாவது கேள்வி, ஏன் வேண்டும்?
அதை வெறுமையாய் விட்டேன்.

மெர்லின் பார்த்தலட் பாலையூற்றிலிருந்து
ஸ்கூட்டரில் வந்தாள், அளவுநாடாவோடு.
நாலடி. காணாது, என்றாள்.
இது காற்றுக்குப் பிறந்தது. ஆறடியாவது வேணும்.
கந்தளாய்க் காட்டோரம் எவனோ வேட்டைக்கு வளர்த்து
கம்பிச் சுருக்கு முன்காலைத் தின்ற பிறகு
வீதியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.
கிரேஹவுண்ட் கலப்பு என்கிறார் மிருக வைத்தியர்.
வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது,
பிறப்பால் பாதி, பட்டினியால் பாதி.

மதிலுக்கு மேல் இரண்டடி தகரம் அடித்தேன்.
அடுத்த வீட்டு நவரத்தினம் எட்டிப் பார்த்தார்:
‘என்ன தங்கச்சி, பவுண் ஏதும் புதைச்சிருக்கோ?’
மூன்று வாரம். இரண்டு ஊசி.
மெர்லின் ஒன்றுக்கும் அவசரப்படவில்லை.
பன்னிரண்டாம் கேள்வியைப் பார்த்தாள்,
மடித்துப் பைக்குள் வைத்தாள்.
நானென்றால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஓட்டோவில் என் காலடியில்
மடக்குக் கதிரை மாதிரிக் கிடந்தது.
வீட்டில் மூன்று படி; ஒன்றிலும் ஏறத் தெரியவில்லை.
அலுமாரிக் கண்ணாடிக்குள் நின்ற நாயை
ஒரு பின்னேரம் முழுக்க மன்னித்துக்கொண்டிருந்தது.
கம்பி மட்டும் எங்கிருந்தாலும் தெரிந்தது.
உடுப்புக் காயப்போடும் கம்பியை அவிழ்த்துக்
கயிறு கட்டினேன்.

ஒன்பதாம் நாள் விடியப்புறம் கடற்கரை.
மான்களை மறந்துபோனேன்.
இந்த ஊரில் யார் அவற்றை நினைத்துக்கொண்டு நடக்கிறார்கள்?
கோட்டையிலிருந்து இறங்கி வந்து
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்பவை.
கச்சேரி வாசலில் ஒருமுறை
ஒருவரின் காணிப் படிவத்தைத் தின்றவை.

வார் இறுகியது.
நான் முழங்காலில் விழுந்தபோது கையில் வார் இல்லை.
பத்துப் பாய்ச்சல்.
நொண்டிக் கால் எங்கே போனதோ.
கொம்பு முளைக்காத ஒன்று தலை தூக்கிப் பார்த்தது.
சொப்பிங் பையின் ஓரத்தை மென்றபடி
நின்றது, நின்ற இடத்திலேயே.

ஓடாத மானை என்ன செய்வதென்று
அதற்கு எவனும் பழக்கியிருக்கவில்லை.
மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு முழம்.
பிறகு திரும்பி என்னைப் பார்த்தது,
பிழையான வரிசையில் அரைநாள் நின்றுவிட்டு
கவுண்டருக்கு வந்தவரைப் போல.

இங்கே வா, என்றேன். பெயர் இன்னும் வைக்கவில்லை.
வந்தது, மறுபடி நொண்டிக்கொண்டு.

முழங்காலுக்கு மருந்து போடும்போது மெர்லின் எடுத்தாள்.
எப்பிடிப் போகுது?
மானோடு அறிமுகமாகிவிட்டது, என்றேன்.
அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.
இந்தப் பக்கம் தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
இன்னும் நாலு ஆணி வேணும்.