நானூறு கிராம்

மறுபடியும் ஏற்றினோம். அதே எண்.
நூற்றுப் பத்து கிலோ வரைதான் அனுமதி.
மேலே நானூறு கிராம்.

பதினான்கு மாதம்
கிரிம்ஸ்பி துறைமுகத்தில்
மீன் வாடை போகாத ஒரு கொட்டகையில்,
விரல் மரத்துப்போகும் குளிரில் செய்தது.
ஓட்டுகிற மோட்டார்கள்
மருத்துவமனை ஏலத்தில் எடுத்த
சக்கர நாற்காலியுடையவை.
யாரையோ மெதுவாக
வெயிலுக்கு அழைத்துப்போனவை.
முன்னால் சுழலும் உருளை
முப்பத்தொரு கிலோ.
கடைசல் பிடித்தவள் லோர்னா.
பகலில் பல் கட்டும் கூடத்தில்
பிறர் வாய்க்கு அளவெடுப்பாள்.
இதற்கு இரண்டே பல் வைத்தாள்,
எஃகில்.

ஸ்பிஷெக் பற்றவைப்பான்.
போலிஷ் மொழியில் திட்டிக்கொண்டே வைத்தால்தான்
தையல் நேராக விழும் என்பான்.
விழுந்தது.
நான் கம்பிகள், பேட்டரிகள்,
தீப்பிடித்தால் புதைக்க ஒரு பெட்டி மணல்.
மோதல் மூன்று நிமிடம்.
பதினான்கு மாதத்தை அதால் வகுத்துப் பார்த்தவர்கள்
எங்கள் கொட்டகைப் பக்கம் வருவதில்லை.

நானூறு கிராம் என்றால்
இந்த ஊரில் ஒரு சின்ன ரொட்டி.
கைப்பிடியைக் கழற்றினோம். நூற்று நாற்பது.
போல்ட்டுகளின் வாலை நறுக்கினோம். அறுபது.
பித்தளையில் அறுத்துப் பொருத்திய
‘கிளாடிஸ்’ என்ற பெயர்,
ஆங்கிலத்தில் ஆறெழுத்து,
தொண்ணூற்றைந்து.
லோர்னா அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.
மிச்சம் நூற்றைந்து.
இனி துளைதான்.

எங்கள் துளைக்கருவி முனைகள்
அந்த எஃகில் நீலம் பாரித்துச் செத்தன.
ஒன்று. இரண்டு. நான்கு.
பக்கத்து மேசையில் பிரயனி ஹேக்,
ராதர்ஹாமில் பள்ளி ஆசிரியை.
முதல் சுற்றில் நாங்கள் மோதவேண்டிய
‘மண்டே மார்னிங்’ அவளுடையது.
“என்கிட்ட கோபால்ட் முனை இருக்கு,
எங்கே போடப் போறீங்க?”
காட்டினோம்.
உருளையைத் தாங்கும் தகட்டை உற்றுப் பார்த்தாள்.
“அங்கே வேண்டாமே.
பின்பக்கம் போடுங்க.”

மூவரும் முகம் பார்த்துக்கொண்டோம்.
மோதப்போகிறவள் சொல்லும் புத்தி.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு
அங்கேயே போட்டோம்,
பன்னிரண்டு துளை, வரிசையாய்,
புல்லாங்குழல் போல அழகாய்.
முள் சரியாக வந்து நின்றது.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்
உருளை வேகம் எடுக்கும்போது
சத்தம் காதுக்கு வருமுன் பல்லுக்கு வரும்.
திரும்பும்போது இது ஒரு பக்கம் தூக்கும்,
வெந்நீரை மிதித்த பூனை மாதிரி.
முதல் அடி எங்களுடையது.
மண்டே மார்னிங்கின் சக்கரம் பறந்து
கூரையில் பட்டு விழுந்தது.
ஸ்பிஷெக் என் தோளைக் கடித்தே விட்டான்.

இரண்டாவது
அடித்த ஓசை இல்லை.
ஒடிந்த ஓசை.
எங்கள் உருளை எங்களை விட்டு இறங்கி
தானாக ஓடியது,
சுவர்வரை,
பிறகு சுவரோரமாக,
கயிறறுத்த கன்றுபோல,
யாரையும் தேடாமல்.
நடுவர் பத்து எண்ணினார்.
ஆறில் நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

ஒடிந்த வாய் சர்க்கரைக் கட்டி போல
மணிமணியாக மின்னியது.
விரிசல் ஏழாவது துளை வழியாக.
ஒருவரும் எண்ணைச் சொல்லவில்லை.
மூவரும் எண்ணியிருந்தோம்.

பிரயனி வந்தாள்,
கையில் கோணிய சக்கரம்.
நான் சொன்னேனே என்று ஆரம்பிப்பாள் என
முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
“அந்த முனை?”
கொடுத்தேன்.
கட்டைவிரலால் தடவினாள். மழுங்கியிருந்தது.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மணி நேரத்தில் அவளுக்கு அடுத்த சுற்று.
சக்கரத்தின் குடம் பிளந்திருக்கிறது.
அவளிடம் முனைகள் உண்டு, பற்றவைப்பவன் இல்லை.

சும்மா, தராசில் ஏற்றிப் பார்த்தோம்
எங்களுடையதில் எஞ்சியதை.
எழுபத்தெட்டு கிலோ.
இப்போது இடம் நிறைய இருந்தது, பெயருக்கு.
லோர்னா முடிச்சை அவிழ்த்தாள்.
ஐந்தாவது எழுத்தைக் காணவில்லை.
மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தபோது
அடுத்த மேசையிலிருந்து நீலப் பொறியும்
போலிஷ் வசவும் வந்தன,
வழக்கத்தைவிடக் கெட்ட வசவு.
தையல் நேராக விழுகிறது போலும்.