கைமாற்று

சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் அடியில்
துருவையும் மண்ணையும் பிரிக்க முடியாத இடத்தில்
ஒரு தேக்கரண்டி அள்ளினேன்.
"இதுக்கோ கடிதம் எடுத்துக்கொண்டு வந்தனீங்கள்?"
காவலாளி சிரித்தார்.
இதற்குத்தான்.

மண்ணுக்குள் ஒரு பற்றீரியா
எண்பது வருஷக் கசிவைத் தின்று
அவசரமில்லாமல் உயிரோடிருந்தது.
எனக்கு அது உப்புத் தண்ணீரில் தின்ன வேண்டும்,
விரைவாய்த் தின்ன வேண்டும்,
துறைமுக ஓரத்தில் வானவில் மிதக்கிற காலையில்
இறக்கிவிட்டால் பின்னேரத்துக்குள்
தண்ணீர் மறுபடி தண்ணீர் நிறமாக வேண்டும்.

அதற்கு மரபணுவில் எந்த எழுத்தை மாற்றுவது?
தெரியாது.
தெரிந்தவர்கள் இருக்கலாம், காசுள்ள ஊர்களில்.
கோணேசபுரியில், கதவு சரியாய்ப் பூட்டாத ஆய்வுகூடத்தில்,
நான் செய்தது இவ்வளவுதான்:
புறஊதா விளக்கின் கீழ் பதினெட்டு செக்கன்.
நூறில் தொண்ணூற்றொன்பது சாகும்.
தப்பியவற்றில் சில தம்மைப் பிழையாய்ப் பிரதி எடுக்கும்.
அந்தப் பிழைகளைக் குழி குழியாய் ஊற்றி
உப்பும் எண்ணெயும் கொடுத்து
மறுநாள் எந்தக் குழி கூடக் கலங்கியிருக்கிறதோ
அதிலிருந்து ஒரு துளி
புதுக் குப்பிக்கு.
மற்றதெல்லாம் குளோரினுக்கு.

தேர்ந்தெடுப்பது என்ற சொல்லை
இந்த ஊரில் நான்
குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன்.

ஆகவே அதற்குக் கைமாற்று என்று பெயர் வைத்தோம்,
நானும் ஜெஸீமாவும்.
கிண்ணியாப் பாலம் கடந்து ஏழரை பஸ்ஸில் வருவாள்.
கையுறை மாட்டியபடியே கேட்பாள்:
"இண்டைக்கி யாருக்குக் கடன்?"

நாற்பத்தோராவது கைமாற்றில் கரண்ட் போனது.
குலுக்கும் மெசின் நின்றது. காற்றில்லாமல் மூச்சு முட்டும் என்று
விடியும்வரை முறைவைத்துக் கையால் குலுக்கினோம்,
போனில் ஒரு சொட்டு வெளிச்சம்,
வெளியே நிலாவெளிக் கடல் தன்பாட்டில்.
ஒருவரும் பேசவில்லை. பேசினால் எண்ணிக்கை தவறும்.

அறுபதில் வளைவு நிமிர்ந்தது.
நூற்றேழில் குப்பி பால் போல.
பேராசிரியர் தொலைபேசியில் இரண்டு தரம் "மெய்யாவா" என்றார்.
ஜெஸீமா வட்டிலப்பம் கொண்டுவந்தாள்.
மாதிரியைப் பேராதனைக்கு அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் வந்த தாளில்
எண்ணெய் அப்படியே இருந்தது.
குறைந்திருந்தது சவர்க்காரம்.
எண்ணெயும் நீரும் கலக்கட்டும் என்று
முதல் நாளிலிருந்து நானே ஊற்றிவந்த மூன்று துளி.
நூற்றேழு தரமும் எண்ணெயை மெல்லச் சுற்றி நடந்து
அந்த மூன்று துளியை
வழித்துத் தின்னப் பழகியிருந்தன.

"ஏமாத்திட்டுதுகள்" என்றாள்.
இல்லை ஜெஸீமா.
எண்ணெயைத் தின் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.
கலங்கு என்றேன்.
கலங்கின.
அவற்றைவிட நேர்மையாய் எனக்கு
யாரும் பதில் சொன்னதில்லை.

இரண்டு நாள் ஆய்வுகூடப் பக்கம் போகவில்லை.
மூன்றாம் நாள் உறைபெட்டியின் அடித்தட்டில்
பனி சுரண்டி எடுத்தோம்:
பன்னிரண்டாம் கைமாற்றில் கழித்துவிட்ட ஒன்று.
எறிய மனமில்லாமல் அவள் ஒளித்து வைத்தது.
லேபலில் அவளுடைய சாய்ந்த எழுத்து: மந்தம்.

சவர்க்காரம் இல்லை இம்முறை.
உப்பு, எண்ணெய், அது.
ஒரு கிழமை வெறும் தெளிந்த நீர்.
எட்டாம் நாள் யன்னலில் பிடித்துப் பார்த்தேன்:
கலங்கவே இல்லை.
ஆனால் எண்ணெய்த் துளியின் ஓரம் மட்டும்
பழைய சதக் காசின் விளிம்பு போல
தேய்ந்திருந்தது.

பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி
ஒன்று என்று எழுதினேன்.
"இவருக்கு எவ்வளவு குடுப்பம்?"
ஒரு துளி.
"திருப்பித் தருவாரா?"

இம்முறை
எதைத் திருப்பிக் கேட்பது என்று
முதலில் யோசிப்போம்.