ஆணி இருந்த கட்டை

வாலிநோக்கம் உப்பளத்துக்கு மேற்கே
மூட்டம் போடும் சாத்தையாவுக்குக்
கழலை என்றால் ஆகாது.
கோடாலி வாய் மடங்கும்.
பிளந்து போட்டாலும் ஒழுங்காக வேகாது,
கரிக்கு நடுவே கட்டையாகவே கிடக்கும்.
"கிலோ ஆறு ரூபா, தூக்கிட்டுப் போ தாயி."
நாலு என்பேன்.
ஐந்து என்று இருவருக்கும் தெரியும்.

சீமைக்கருவேலம்.
ஊரே வேரோடு பிடுங்கச் சொல்லும் மரம்.
அரிவாள் பட்ட இடத்தில், ஆடு உரசிய இடத்தில்
தோல் தடித்து
எதையோ வாங்கி ஒளித்தவள் மடி போல
வீங்கி நிற்கும்.
ஆசாரி இதை மொழி என்பார்.
மொழி விழுந்த கட்டை கதவுக்கு ஆகாதாம்.
பேனாவுக்கு ஆகும்.

முதலில் கம்பி பிரஷ். இடுக்கில் ஒரு மணல் இருந்தாலும்
ரம்பத்துக்குப் பல் போகும்.
பிறகு ஐந்தே கால் அங்குலம், முக்கால் சதுரம்,
விரல் விரலாக.
பத்துக் கழலையில் நாலு உள்ளே வெறும் புழுத்தூள்.
அறுத்த அன்றே இரு முனையும் மெழுகில் முக்க வேண்டும்.
ஒரு ஆடியில் மறுநாள் பார்க்கலாம் என்று படுத்தேன்;
கச்சான் உள்ளே வந்து
விடிய விடிய சொடுக்கெடுத்தது.
காலையில் முப்பத்தெட்டும் விறகு.

அடகுக்கடை கழித்துப்போட்ட தராசில் நிறுத்து
கட்டையின் மேலேயே பென்சிலால் குறிப்பேன்:
அறுபத்தொன்று. ஐம்பத்தாறு. ஐம்பத்து மூன்று.
ஐம்பத்து மூன்று.
எடை இறங்க மறுக்கும் வாரத்தில்
விலை ஏறும்.

தண்ணீர் தொட்டுத் தடவினால்
ரேகை எழுந்து மினுங்கும்.
காய்ந்ததும் ஒன்றுமே தெரியாது என்று சாதிக்கும்.
இரண்டையும் படமெடுத்து அனுப்புகிறேன்.
"ஈரத்த மட்டும் அனுப்பேன்டி" என்பாள் நூருல் அமீனா.
கடையில் பாதி அவள் பணம்.
நியாயத்தில் எத்தனை பங்கு என்று கேட்டதில்லை.

பங்குனியில் ஒரு நாள் ரம்பம் வீரிட்டது.
எண்ணூறு ரூபாய் பிளேடு.
உள்ளே ஆணி.
யாரோ எதையோ மாட்ட அடித்து,
மாட்டியதை மறந்து, மரத்தையும் மறந்து போக,
மரம் மறக்காமல் சுற்றி வளர்ந்திருந்தது.
ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பு;
மட்டத்தாளில் மை ஊறுவதுபோல்
ரேகை போன வழியெல்லாம் போயிருந்தது.
துவர்ப்பும் துருவும் சேர்ந்தால் மைதான்.
பேனா ஆகுமுன்பே
கட்டை எழுதிப் பார்த்திருக்கிறது.

எனக்கு அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை.
பிளேடை நினைத்து அழுதேன்.
"ஆணிக்கறை. குறை. பாதி விலை" என்று போட்டேன்.
தக்கலையில் பேனா கடைபவர் ஒருவர்
ராத்திரி பதினொன்றுக்கு முழு விலையும் அனுப்பிவிட்டு,
இது போல் இன்னும் பன்னிரண்டு கிடைக்குமா என்றார்.

அமீனா காலையில் அரைக்கிலோ ஆணியோடு வந்தாள்.

ஏழு கழலைக்கு அடித்தோம்.
உப்பளத்துக் கழிவோடையில் ஊறப்போட்டோம்.
அடிக்கும்போது நான் பேசவில்லை,
அவளும் இரண்டு முறை விரலில் அடித்துக்கொண்டாள்.
நாற்பது நாள் கழித்து ஒன்றை அறுத்தால்
ஓட்டையைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம்,
நாலணாக் காசு அளவு.
அதற்கு மேல் ஒரு நூல்கூட நகரவில்லை.
திருஷ்டிப் பொட்டு, என்றாள்.
சிரித்தோம்; அறுத்ததை அடுப்பில் போட்டோம்.
மற்ற ஆறும் தண்ணீரிலேயே கிடக்கின்றன.
விற்றால் என்ன எழுதுவது என்று சண்டை.
"நாங்கள் அடித்தது" என்று எழுதுவேன் என்கிறேன்.
அவள் கேட்கிறாள்: முதல் ஆணியை மட்டும்
மரமா அடித்துக்கொண்டது?

பதில் இல்லை. மெழுகு கொதிக்கிறது.

சாத்தையாவுக்கு எப்படியோ சேதி போய்விட்டது.
இப்போதெல்லாம் கழலையைக் காதருகே வைத்து
தேங்காய் போல ஆட்டிப் பார்க்கிறார்.
"எட்டு ரூபா.
உள்ள ஆணி இருந்தாலும் இருக்கும்."