கலம்போலியில் மூன்றாம் நாள்

நேற்றிரவு மழை.
டிரெய்லர் பலகையில் தேங்கிய தண்ணீரைச்
சீமாறால் தள்ளிவிட்டேன்.
மூன்று நாளில் இறக்கிய சரக்கு அதுதான்.

இரும்புக் காயில் இருக்கிறதாம், சேலத்துக்கு.
டன்னுக்கு இரண்டாயிரத்து நூறு என்கிறான்
புரோக்கர் கோர்படே, மாவாவைக் கன்னத்தில் ஒதுக்கி.
டீசல், டோல், மாமூல், அவன் கமிஷன் போக
மிஞ்சுவது டயர் தேய்ந்த கணக்கு.

கதவில் ‘உரிமையாளர்: பெ. செங்கோடன்.’
எழுதிய பெயின்டருக்கு இன்னும் இருநூறு பாக்கி.

டிரைவராய் இருந்தபோது
முதலாளியை வைது முடித்துத்தான் தூங்குவேன்.
பதினோரு வருட வசவு,
தவணை தவணையாய் இப்போது
எனக்கே வந்து சேர்கிறது.

“ஏத்தச் சொல்லு” என்றேன்.
கிரேன் காயிலை வைத்ததும்
வண்டி ஒருமுறை முனகி அடங்கியது.
சங்கிலியை இறுக்கும்போது போன்.
ஃபைனான்ஸ்காரன்.
கையெல்லாம் கிரீஸ்,
எடுக்கவில்லை.