மட்டை

ஊழியக் கிழமைக்கென்று
ஆளுக்கொரு மட்டை தந்தார் போதகர்.
போவேன், கொடுப்பேன், ஜெபிப்பேன்:
மூன்று பெட்டி. ஒரு புள்ளடி போதும்.
சாட்சி சொல்ல எழும்பினாலே
முழங்கால் நடுங்கும் எனக்கு.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, கிரானில்
இன்னும் ரோட்டுக்கு மேலே ஆறு.
தோணியில் என்னோடு இரவல் பம்ப்,
ஹோஸ் ஒரு சுருள், பொடியன் ரெஜினோல்ட்.
புலிபாய்ந்தகல்லில்
வெள்ளம் குடித்துக் கிடந்தது சிவபாக்கியத்தின் கிணறு.

"எந்தக் கட்சி?"
"கட்சியில்லை."
"வேதக்காரரோ?"
"ஓம்."
"மறுகா வேதத்துக்கு வரச் சொல்லுவீங்களோ?"
"கிணறு இறைக்க வந்த நாங்க."
நம்பவில்லை. வேலியோடு நின்றுகொண்டா.

இழுக்க இழுக்க பம்ப் இருமியது.
காபரேட்டர் வாசர் கிழிந்துபோயிருந்தது;
ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடை ஏது?
சட்டைப்பையைத் தடவினேன்.
பிளேடால் வட்டம் வெட்ட,
துளை சரியாகப் "போவேன்" மேல் விழுந்தது.
கிறீஸ் பூசி இறுக்கினேன்.
மூன்றாம் இழுப்பில் பிடித்தது.

சேறு, சேறு, பிறகும் சேறு.
ரெஜினோல்ட் இறங்கி
ஒற்றைச் செருப்பும் செத்த எலியும் எடுத்து எறிந்தான்.
ஊற்று கண் திறக்கப் பொழுது சாய்ந்தது.
உள்ளங்கையில் ஏந்தி மணந்து பார்த்தா.
ஆண்டவர் பேரை நான் சொல்லவில்லை,
அவவும் கேட்கவில்லை.
போத்தல் தண்ணியில் தேத்தண்ணி ஊற்றித் தந்து,
"பொண்டுகள்சேனையில
என்ட தங்கச்சிட கிணறும் கிடக்கு" என்றா.

ஞாயிறு, மட்டைகளைச் சேர்த்தார்கள்.
"உங்கட எங்க?" கணக்கெழுதும் செல்வமதி.
"எண்ணெய் பட்டுப் போச்சு."
வேறொன்று நீட்டினா.
விரலால் தடிப்புப் பார்த்தேன்.
"ரெண்டாத் தாங்க."