மூன்றாம் அட்டை

லியோனில், சோன் நதிக்கரையில்
ஞாயிறு மட்டும் விரியும் பழந்தாள் கடை.
மதாம் பெராஷோன் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தந்தார்:
ஐந்தில் நான்கு அட்டைகள்.
மூன்றாவது தொலைந்ததால் பாதி விலை,
ஆறு யூரோ.

ஒன்று.
வேலிக்கு இந்தப் பக்கம் அவன், தொப்பி கையில்.
அந்தப் பக்கம் அவள், தையற்கூடையோடு.
அச்சடித்தவன் சிவப்பை இம்மி நகர்த்திவிட்டான்:
அவள் உதடு கன்னத்தில் கிடக்கிறது.

இரண்டில் வேலியைக் காணோம்.
அவன் நீட்டும் பூங்கொத்து
அவன் தலையைவிடப் பெரிது.
அவள் பார்ப்பதோ நாயை.
எல்லாப் படத்திலும் அந்த நாய் இருக்கிறது,
யாரும் தூது அனுப்பாத தோழியாக
நடுவில் குந்திக்கொண்டு.

நான்கில்
ஒரே பெஞ்சின் இரு நுனிகளில் இருவர்.
அவள் முகம் திருப்பியிருக்கிறாள்.
பூங்கொத்து நாயின் வாயில்.
ஐந்தில் மோதிரம், மணிக்கூண்டு,
மேகத்துக்குக்கூடப் பொன் விளிம்பு.

"மூன்றில் என்ன நடந்திருக்கும்?"
"சண்டை" என்றார் மதாம்.
கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"அல்லது முத்தம்.
இரண்டுக்கும் முகம் திருப்பலாம்."

பின்புறம் பார்த்தேன்.
நான்கும் க்ளெமான்ஸ் என்பவளுக்கு.
ஒரே ஊதா மை, வலப்பக்கம் சாயும் எழுத்து.
பல்லைப் பிடுங்கியாயிற்று.
உன் அண்ணன் வாங்கிய ரம்பம் எங்கே?
ஞாயிறு மதிய ரயிலில் வருகிறேன், தனியாக.
மோதிரத்தின் முதுகில்:
முயல் எட்டுக் குட்டி போட்டது.

நேசம் என்ற சொல் எங்கும் இல்லை.
அதைச் சொல்லத்தானே
காசு கொடுத்துப் படம் வாங்கியிருக்கிறான்.

வாகீசன் எனக்குப் படம் எதுவும் அனுப்பியதில்லை.
எட்டு மாதமாக எழுத்துத்தான்.
மழை வரும்போல, குடை எடுத்தனீங்களோ?
பிறகு கார்த்திகையில் ஏதோ ஒரு நாள்,
சாப்பிட்டீரோ?
'நீங்கள்' எப்போது 'நீர்' ஆனது?
கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளித் தேடியிருக்கிறேன்.
அந்த இடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு,
நாற்பத்தொரு நிமிடம்.
அதில் பேசியது எதுவும்
எழுத்தில் இல்லை.

நான்காம் அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன்.
நாயைப் பாரும், என்று.

மதாம் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
நடைபாலத்தில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
பதில் வந்தது:
அதுக்குப் பசி.
வரேக்கை பாண் ரெண்டு வாங்கிக்கொண்டு வா.

வா.
நேற்றுவரை 'வாரும்'.

"மூன்றாவது கிடைத்தால் எடுத்து வைக்கட்டுமா?"
மதாம் கேட்டது காதில் விழுந்தது.
நான் நதிப்பக்கம்
முகம் திருப்பியிருந்தேன்.