விமானத் தடத்துக்குக் குறுக்கே

மர்காம் மணலுக்கு மேலே பதின்மூவாயிரம் அடி.
ஜனவரி. கதவு திறந்ததும்
பல் கூசுகிற குளிர்.
கீழே ஒட்டகப் பட்டிகள், தீப்பெட்டி வரிசையாக.

விழத் தெரிந்த எல்லோருக்கும்
சாய்ந்து பறக்கத் தெரியாது.
கைகளைப் பின்னால் இழுத்து, முழங்காலை நிமிர்த்தி
தோளைக் கொஞ்சம் குவித்தால்
உடம்பே ஒரு சரிவு.
விழும் உயரத்தில் ஒரு பங்கைத்
தூரமாக மாற்றிக்கொள்ளலாம்,
திர்ஹாமை ரூபாயாக்குவதுபோல,
கமிஷன் போக.

விமானம் வந்த தடத்தின்மேல் மட்டும் பறக்காதே.
குறுக்கே போ.
முன்னால் குதித்தவர்கள்
அந்தத் தடத்தில்தான் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

அன்று இமாத் முன்னோடி.
மல்லாந்து பறந்தான், எங்களைப் பார்த்தபடி.
ரோமெல், ஒலேனா, நான்
குப்புற, அவனைப் பார்த்தபடி.
அவனுக்கு வானம். எங்களுக்குத் தரை.

எண்ணாயிரத்தில் இன்னும் வளைந்தான்.
கண்ணில் வெயில் என்று பிறகு சொன்னான்.
தெற்கே. தடத்தின் மேலேயே.

அவன் தோளுக்கு அப்பால்
ஓர் ஆரஞ்சுக் குடை.
நகக்கண் அளவு.
பிறகு கட்டைவிரல் அளவு.

வாரம் முழுக்க ஜெபல் அலியில்
நனைந்த சரக்குக்கு நட்டஈடு எழுதுகிறவள் நான்.
எல்லாம் முடிந்தபிறகுதான்
என் மேசைக்கு வரும்.
இது முடியாமல் வந்தது.

கத்த முடியாது, காற்று வாயில் துணி திணிக்கும்.
கை நீட்டினால் புரண்டு அவன்மேலேயே போவேன்.
முகத்தால்தான் சொன்னேன்.
என்ன முகம் அது, எனக்குத் தெரியாது.
இமாத் திரும்பிப் பார்க்கவில்லை.
அந்த முகத்தை நம்பி இடுப்பை ஒடித்தான்.
நாலு பேரும் மேற்கே வழுக்கினோம்,
தாம்பாளத்தைச் சாய்த்த மாதிரி.

ஐயாயிரத்தில் காதுக்குள் கருவி கூவிற்று.
பிரிந்தோம். குடை விரிந்தது.
அப்புறம் வந்த அமைதியில்
என் மூச்சு,
பார்ட்டிஷன் பலகைக்கு அந்தப்பக்கம்
யாரோ விடுவதுபோலக் கேட்டது.

தரையில் காணொளியை நாலு தடவை ஓட்டினோம்.
மூலையில் அரை நொடி ஆரஞ்சு.
இமாத் ஹெல்மெட் வாரை அவிழ்த்தான்,
மாட்டினான், மறுபடி அவிழ்த்தான்.

ஆரஞ்சுக் குடைக்காரன் எதிர் பெஞ்சில்.
பன்னிரண்டாவது குதிப்பாம்.
சமோசாவைப் பிய்த்துவைத்துக்கொண்டு
சட்னி தேடினான்.
"விர்ருன்னு ஏதோ போச்சே, நீங்களா?"

இமாத் எழுந்து அவனிடம் போனான்.
சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு
நானும் பின்னால் போனேன்.